மைனஸ் 80 ஃப்ரீசர்களை இணையத்தில் கோக்கச் சொல்கிறார்கள். எதை அனுமதிப்பது, எதை மறுப்பது?

உறைகுப்பி எழுதியது:

வணக்கம். ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கூடத்தின் மாதிரி சேமிப்பறை என் பொறுப்பில் இருக்கிறது. சில மைனஸ் 80 ஃப்ரீசர்கள் (மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைத்திருப்பவை), இரண்டு திரவ நைட்ரஜன் டேங்குகள். உள்ளே சீரம், பிரித்தெடுத்த டி.என்.ஏ, கட்டித் திசு, உயிருள்ள செல்கள். இவற்றில் பெரும்பகுதியை மறுபடி சேகரிக்க முடியாது. மாதிரி கொடுத்த நோயாளிகளில் சிலர் இப்போது உயிரோடு இல்லை.

இதுவரை எங்கள் பாதுகாப்பு என்றால் அறைக்கு ஒரு சாவி, ஃப்ரீசர் முகப்பில் ஒரு பீப் சத்தம், காலையும் மாலையும் தாளில் குறிக்கும் வெப்பநிலை. அவ்வளவுதான். இப்போது மேலிடத்தில் எல்லாவற்றையும் 'ஸ்மார்ட்' ஆக்க வேண்டும் என்கிறார்கள். விற்பனையாளர் காட்டிய பட்டியலில் ஒவ்வொரு பெட்டிக்கும் வைஃபை சென்சார், கார்டு வைத்தால் திறக்கும் மின்பூட்டு, மொபைல் ஆப்பில் வெப்பநிலை வரைபடம் எல்லாம் உண்டு. ஆப்பிலிருந்தே செட்பாயின்டை, அதாவது ஃப்ரீசர் எட்ட வேண்டிய வெப்பநிலையை, மாற்றும் வசதியும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னதை அவர் பெரிய வரம் மாதிரி விவரித்தார்.

எங்கள் ஐ.டி. பிரிவோ "முன்பின் தெரியாத பெட்டி எதையும் நம் நெட்வொர்க்கில் சேர்க்க மாட்டோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. விற்பனையாளர் அதற்கு, "ஃபயர்வாலில் ஒரு போர்ட் திறந்து கொடுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க, நடுவில் நான். ஹேக்கர் ஒருவன் என் ஃப்ரீசரை அணைத்துவிடுவான் என்று நான் பயப்பட வேண்டுமா, அல்லது இது வீண் பயமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பழைய கம்ப்ரெசர் எழுதியது:

நான் குளிர்பதன சர்வீஸ் ஆள். மைனஸ் 80 பெட்டிகளின் பின்பக்கத்தைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதனால் பின்பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

ஹேக்கர் பயம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையில் அவன் முதல் ஆள் கிடையாது. வெளியே தெரிந்த பெரிய இழப்புகளைப் பாருங்கள்.

2012-ல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனையில் ஹார்வர்டின் மூளைத் திசு வங்கியில் ஒரு ஃப்ரீசர் கெட்டது. ஏறக்குறைய 150 மூளைகள் அதில் இருந்தன, ஐம்பதுக்கு மேல் ஆட்டிசம் ஆய்வுக்கானவை. இரண்டு தனித்தனி அலாரம் இருந்தும் ஒன்றுகூட அடிக்கவில்லை. வெளியே உள்ள காட்சிப்பலகை மைனஸ் 79 என்றே காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே எல்லாம் உருகிவிட்டிருந்தது.

2018 மார்ச்சில் கிளீவ்லாந்தில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் நைட்ரஜன் டேங்கில் வெப்பநிலை ஏறி, நாலாயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளும் கருக்களும் போயின. ஊழியருக்குத் தகவல் அனுப்ப வேண்டிய தொலை அலாரம் அணைந்த நிலையில் இருந்தது. தானாக நைட்ரஜன் நிரப்பும் அமைப்பிலும் கோளாறு, கையால் நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

2020-ல் அமெரிக்காவின் ரென்சலேர் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் நடந்ததை நான் பயிற்சிக்கு வருகிற பையன்களிடம் தவறாமல் சொல்வேன். ஃப்ரீசரில் சின்னக் கோளாறு, அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. பழுது பார்க்க ஆள் வர நாளாகும் என்பதால் பிளக்கை யாரும் பிடுங்காமல் இருக்க அதற்குப் பூட்டுப் பெட்டி போட்டார்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று அறிவிப்பும் ஒட்டினார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து பிரேக்கரையே கீழே தள்ளிவிட்டார். மைனஸ் 80, மைனஸ் 32 ஆனது. இருபது வருட ஆராய்ச்சி போயிற்று என்று அந்த நிறுவனம் வழக்குப் போட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாள்கணக்கில் அடிக்கிற அலாரத்துக்கு யார்தான் அர்த்தம் கண்டுபிடிப்பார்கள்?

அப்புறம் 2023 டிசம்பர், ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம். கிறிஸ்துமஸுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் 16 கிரையோ டேங்குகளுக்கு நைட்ரஜன் வரத்து நின்றது. டேங்குகள் நான்கு நாள் தாங்கும். வரத்து ஐந்து நாள் நின்றது.

இவற்றில் எதிலும் ஹேக்கர் இல்லை. பொய் சொன்ன சென்சார், அணைந்து கிடந்த அலாரம், சலித்துப்போன காது, விடுமுறை. நீங்கள் வாங்கப்போகும் கருவி முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லட்டும்.

செட்பாயின்டைப் பற்றி: வேண்டவே வேண்டாம். மைனஸ் 80 பெட்டியின் செட்பாயின்டை வீட்டிலிருந்து மாற்ற வேண்டிய அவசரம் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. பெட்டி சூடாகிறது என்றால் ஆப்பில் எண்ணை மாற்றினால் குளிராது. கம்ப்ரெசர் போயிருக்கும், அல்லது கன்டென்சர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும். இரண்டுக்கும் ஆள் நேரில் வந்தாக வேண்டும். உங்கள் கருவிக்குக் கண்ணும் வாயும் போதும், கை தேவையில்லை.

அதற்கு வழியும் எளிது. ஃப்ரீசரின் கன்ட்ரோலரோடு (குளிரூட்டலை இயக்கும் மின்னணுப் பகுதி) எதையும் இணைக்காதீர்கள். தனி ப்ரோப் (வெப்பநிலையை உணரும் கம்பிமுனை) ஒன்றைப் பின்பக்கத் துளை வழியாக உள்ளே விடுங்கள். டிரான்ஸ்மிட்டரும் பேட்டரியும் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் குளிரில் பேட்டரி படுத்துவிடும், இரும்புப் பெட்டியைத் தாண்டி சிக்னலும் ஒழுங்காக வராது. ப்ரோப் முனையை ஒரு அலுமினியக் கட்டிக்குள் செருகிவிட்டால், கதவைத் திறக்கும்போதெல்லாம் எண் குதிக்காது. காற்றின் வெப்பத்தைவிடக் குப்பியின் வெப்பம்தானே உங்களுக்கு முக்கியம்.

கூடவே பெரும்பாலான மைனஸ் 80 பெட்டிகளின் பின்னால் தொலை அலாரத்துக்கென்று மூன்று முனை ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) ஒன்று இருக்கும். பாதிப் பேர் அதைத் தொட்டதே இல்லை. நலமாக இருக்கும்போது சுற்று மூடியிருக்கும்படி கம்பியைக் கொடுங்கள். அப்போது மின்சாரம் போனாலும், எலி கம்பியைக் கடித்தாலும், யாராவது கம்பியைப் பிடுங்கினாலும் சுற்று அறுந்து அலாரம் வரும். தலைகீழாகக் கொடுத்தால் கம்பி அறுந்ததே யாருக்கும் தெரியாது. இதில் மென்பொருளே கிடையாது, ஹேக் பண்ண ஒன்றும் இல்லை.


நெட்வொர்க் நாரதர் எழுதியது:

மேலே சொன்னதில் முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "ஹேக்கர் முதல் ஆள் கிடையாது" என்பதை உங்கள் மேலிடம் "பாஸ்வேர்டு பற்றிக் கவலை வேண்டாம்" என்று படித்துவிடக் கூடாது.

2016-ல் மிராய் என்ற நச்சு நிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அது செய்த வித்தை என்ன? தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய அறுபது சொச்சம் பயனர்பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். யாரையும் குறிவைக்கவே இல்லை. உங்கள் ஃப்ரீசர் சென்சாரும் அப்படித்தான் மாட்டும். மாதிரியைக் கெடுக்க வேண்டும் என்று வருகிறவனைவிட, கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நுழைகிறவன்தான் அதிகம். நுழைந்த பிறகு அங்கிருந்து மருத்துவமனைப் பதிவேடுகள் வரை நடக்கப் பார்ப்பான். உங்கள் ஐ.டி. பிரிவின் பயம் அதுதான், அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

"ஒரு போர்ட் திறந்து கொடுங்கள்" என்பதற்கு நேரடியாக மறுப்புச் சொல்லுங்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்பு எதுவும் தேவையே இல்லை. அறையில் ஒரு கேட்வே (சென்சார்களின் தகவலைத் திரட்டி அனுப்பும் பெட்டி) வைத்து, அது தானே வெளியே போய்த் தகவலைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். எம்.கியூ.டி.டி. (சென்சார் தகவலை அனுப்பும் ஒரு நெறிமுறை) பயன்படுத்துகிறார்கள் என்றால் 1883 போர்ட்டா 8883 போர்ட்டா என்று கேளுங்கள். முன்னது வழக்கமாக மறையாக்கம் இல்லாதது, பின்னது டி.எல்.எஸ். மறையாக்கம் உள்ளது. இந்தக் கேள்விக்கு விற்பனையாளர் முழித்தால் அதுவே ஒரு பதில்தான். சென்சார்களைத் தனி வி-லேனில் (நெட்வொர்க்குக்குள் பிரித்து ஒதுக்கிய பகுதி) போடுங்கள், அங்கிருந்து வேறு எந்தக் கணினியையும் எட்ட முடியாதபடி. ஐ.டி. ஆட்களிடம் "எங்கள் நெட்வொர்க்கில் சேருங்கள்" என்று கேட்காமல் "எங்களை ஒதுக்கி வையுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். உடனே இளகிவிடுவார்கள்.

கன்ட்ரோலரோடு இணைக்காதே என்று கம்ப்ரெசர் அண்ணன் சொன்னதற்கு என் பக்கத்துக் காரணம் ஒன்று. பல கருவிகள் மோட்பஸ் பேசுகின்றன. 1979-ல் வந்த நெறிமுறை அது. நீ யார் என்று கேட்கும் பழக்கமே அதற்குக் கிடையாது. கம்பியை எட்டியவன் படிக்கலாம், அதே கம்பியில் எழுதவும் செய்யலாம்.

நான் உண்மையில் அஞ்சுவது ஃப்ரீசரை அணைக்கிறவனை அல்ல. அலாரம் எல்லையை மைனஸ் 65-லிருந்து மைனஸ் 20-க்குச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டுப் போகிறவனை. வெளியாளாக இருக்க வேண்டியதுகூட இல்லை, இரவில் போன் வருவதில் கடுப்பான உள்ளாளே செய்வார். எனவே எல்லையை யார் மாற்றினாலும், அலாரத்தை யார் முடக்கினாலும், அதுவே ஒரு செய்தியாக இரண்டு பேருக்காவது போக வேண்டும். முடக்கினால் சில மணி நேரத்தில் தானே உயிர்பெற வேண்டும்.

கார்டு பூட்டு பற்றி: பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டுகளை நகலெடுக்கச் சின்னக் கையடக்கக் கருவி போதும். மைஃபேர் கிளாசிக் கார்டின் மறையாக்கத்தை 2008-லேயே ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். இரண்டும் இன்றும் விற்பனையில் இருக்கின்றன. எந்தக் கார்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.


எளியவழி எழுதியது:

இவ்வளவு தலைவலி எதற்கு? ஒரு ஈ.எஸ்.பி.32 பலகை (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை), ஒரு டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார், மெசேஜ் அனுப்ப ஒரு பாட். ஒரு மாலையில் முடித்துவிடலாம். எங்கள் கூடத்தில் குளிர்பெட்டிக்கு நானே செய்து வைத்திருக்கிறேன், பிரமாதமாக ஓடுகிறது. எல்லாம் உங்கள் கையிலேயே இருக்கும், எந்த க்ளவுடும் வேண்டாம்.


பழைய கம்ப்ரெசர் எழுதியது:

தம்பி, 4 டிகிரி குளிர்பெட்டிக்கு நன்றாகவே ஓடும். கையால் செய்ததைக் கேலி செய்கிறவன் நான் இல்லை. ஆனால் டி.எஸ்.18பி20-யின் டேட்டாஷீட்டைத் திறந்து பாருங்கள்: மைனஸ் 55 முதல் 125 வரைதான். மைனஸ் 80-ல் அது எந்த எண்ணைக் காட்டினாலும் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இன்னொன்று இதைவிட மோசம். அந்தச் சென்சாருக்கு எல்லோரும் பயன்படுத்தும் ஆர்டுயினோ நிரல் நூலகத்தில், சென்சார் கழன்றுவிட்டால் மைனஸ் 127 என்ற எண் வரும். பிழை என்பதற்கான குறியீடு அது. உங்கள் நிரலில் "மைனஸ் 65-க்கு மேலே போனால் கத்து" என்று மட்டும் எழுதியிருந்தால், கம்பி அறுந்த அன்று உங்கள் நிரல் 'அடடா, என்ன ஜில்லென்று இருக்கிறது' என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்.

மைனஸ் 80-க்கு பி.டி.100 (பிளாட்டினத்தின் மின்தடையை வைத்து வெப்பநிலை அறியும் சென்சார்) போடுங்கள். பூஜ்யத்தில் 100 ஓம், மைனஸ் 80-ல் சுமார் 68.3 ஓம். நைட்ரஜன் கொதிக்கும் மைனஸ் 196-லும் நம்பலாம், அதற்கென்று கட்டிய ப்ரோப் வாங்கினால். ஆனால் இதிலும் அதே கண்ணி உண்டு. கம்பி அறுந்தால் மின்தடை ஏறி, பயங்கரச் சூடு என்று காட்டும். நல்லது, அலாரம் வரும். கம்பிகள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆனால் மின்தடை விழுந்து, பயங்கரக் குளிர் என்று காட்டும். அலாரம் வராது. ஆகவே கீழ் எல்லையும் கட்டாயம். மைனஸ் 80 பெட்டி மைனஸ் 95 காட்டினால் அது குளிர் இல்லை, கோளாறு. விலை கொடுத்து வாங்கும் கருவியிலும் இதைச் சோதித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். ப்ரோப் கம்பியைக் கழற்றுங்கள், என்ன நடக்கிறது பாருங்கள். பிறகு முனைகளைத் தொட வைத்துப் பாருங்கள். வந்தவர் முகம் மாறும், பரவாயில்லை.

இதோடு சேர்ந்ததுதான் மௌனம். தகவல் வரவில்லை என்பதும் அலாரமாக வேண்டும். சென்சார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச வேண்டும், மூன்று முறை தொடர்ந்து பேசவில்லை என்றால் போன் அடிக்க வேண்டும். அதைக் கவனிக்கும் இடம் கட்டடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். மின்சாரம் போகும்போது ஃப்ரீசரும், கேட்வேயும், ரவுட்டரும், நெட்வொர்க் ஸ்விட்சும் ஒன்றாகப் படுத்துவிட்டால் 'பவர் போச்சு' என்று சொல்ல யார் மிச்சம்? கேட்வேக்கு யு.பி.எஸ். வைக்கிறவர்கள் நடைபாதைப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்சை மறந்துவிடுகிறார்கள். கேட்வேயில் ஒரு சிம் போட்டுத் தனி வழி வையுங்கள். அந்த சிம்முக்குக் காலாவதி ஆகாமல் பணம் கட்டுவது யார் வேலை என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள். சிரிக்காதீர்கள், ரீசார்ஜ் தீர்ந்து ஊமையான அலாரப் பெட்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மின்பூட்டு பற்றியும் சொல்கிறேன். மின்சாரம் போனால் திறந்துகொள்ளும் பூட்டு உண்டு, பூட்டியே நிற்கும் பூட்டும் உண்டு. ஃப்ரீசர் கதவுக்கு இரண்டாவது வகைதான் சரி. ஆனால் அப்போது இயந்திரச் சாவி ஒன்று கட்டாயம் வேண்டும், அது இரவில் வருகிறவர் கைக்கு எட்ட வேண்டும். ஒருமுறை நள்ளிரவில் கூப்பிட்டார்கள். பக்கத்திலேயே காலி ஃப்ரீசர் குளிர்ந்து தயாராக நிற்கிறது, மாதிரிகளை மாற்ற ஆளும் இருக்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. சாவி ஒரு மேசை இழுப்பறையில், அந்த மேசை பூட்டிய அறையில், அறைக்காரர் விடுமுறையில். அறைக் கதவின் கீலைக் கழற்றித்தான் உள்ளே போனோம்.


உறைகுப்பி எழுதியது:

மிக்க நன்றி. ரிலே முனைகள் எங்கள் பெட்டிகளிலும் இருக்கின்றன, மூடி ஒட்டிய நிலையிலேயே. இன்று காலைதான் பார்த்தேன்.

தனி வி-லேன், வெளியே மட்டும் போகும் இணைப்பு என்று ஐ.டி. பிரிவிடம் சொன்னேன். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே" என்றார்கள். செட்பாயின்ட் வசதியை நீக்கச் சொன்னதற்கு விற்பனையாளர் "ஆப்பில் மறைத்து வைக்கிறோம்" என்கிறார். இது போதுமா? நைட்ரஜன் டேங்குக்குத் தானாக நிரப்பும் வால்வையும் அதே ஆப்பில் இணைக்கலாம் என்கிறார். அதற்கு என்ன சொல்வது?


நெட்வொர்க் நாரதர் எழுதியது:

மறைப்பது போதாது. பொத்தான் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டளையை ஏற்கும் வழி உள்ளே இருக்கும். கன்ட்ரோலருக்குப் போகும் கம்பியே இல்லை என்றால்தான் இல்லை. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். க்ளவுட் போனாலும் கேட்வே தானாக அலாரம் அடித்து எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சந்தா முடிந்தாலோ நிறுவனம் மூடினாலோ பழைய வெப்பநிலைப் பதிவுகள் எல்லாம் திறக்கக்கூடிய கோப்பாக உங்களிடம் வர வேண்டும். மாதிரியின் தரத்தைப் பிற்பாடு யாராவது கேள்வி கேட்டால் உங்களிடம் இருக்கும் சாட்சி அந்தப் பதிவு ஒன்றுதான். கேட்வேயின் கடிகாரமும் சரியாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் கதவு எப்போது திறந்தது, வெப்பம் எப்போது ஏறியது என்று இரண்டு பதிவுகளையும் பொருத்திப் பார்க்க முடியாது.

நீங்கள் கேட்காத ஒன்று: எந்தக் குப்பி எந்த ரேக்கில் என்ற பட்டியல் எங்கே இருக்கிறது? அந்தக் கணினியை ரான்சம்வேர் (பணம் கேட்டுக் கோப்புகளைப் பூட்டும் நச்சு நிரல்) பூட்டிவிட்டால் ஃப்ரீசர் நன்றாகவே ஓடும், உள்ளே இருப்பது யாருடையது என்று மட்டும் தெரியாது. நெட்வொர்க்கில் இல்லாத ஒரு நகல் வேண்டும், வாரம் ஒருமுறை அச்சடித்தாலும் சரி. அதில் நோயாளி பெயர் வேண்டாம், குறியீடு மட்டும். பெயரையும் குறியீட்டையும் இணைக்கும் ஏடு வேறு இடத்தில் பூட்டியிருக்கட்டும்.


பழைய கம்ப்ரெசர் எழுதியது:

நைட்ரஜன் வால்வை ஆப்பில் கொடுக்காதீர்கள். டேங்கின் சொந்தக் கன்ட்ரோலர் மட்டத்தைப் பார்த்துத் தானே நிரப்பட்டும், நீங்கள் மட்டத்தையும் வெப்பநிலையையும் தனியாகக் கண்காணித்தால் போதும். வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டால் மாதிரியைவிட மனிதருக்குத்தான் ஆபத்து. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரிந்து அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வாசனை கிடையாது, மூச்சுத் திணறுகிற உணர்வும் வராது, நேராக மயக்கம்தான்.

அதனால் ஆக்சிஜன் சென்சாரையும் இதே அமைப்பில் சேர்த்துக் கேளுங்கள். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலாரம். அதன் விளக்கும் எண்ணும் அறைக்கு வெளியே, கதவுக்குப் பக்கத்தில் தெரிய வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அதை வைத்துப் பிரயோஜனம் இல்லை. நடுராத்திரி போனில் 'டேங்க் மட்டம் குறைவு' என்று செய்தி வந்து, அரைத்தூக்கத்தில் ஒருவர் தனியாக ஓடி வருவார் என்பதை நினைத்துக்கொண்டு அமையுங்கள். அந்தச் செய்தியிலேயே ஆக்சிஜன் அளவும் சேர்ந்து போகட்டும்.

பொருத்தி முடித்த பிறகு, ஒரு நீண்ட விடுமுறையின் நடுவில், முறைப்பணியில் இருப்பவருக்குச் சொல்லாமல் ஒரு ப்ரோப்பைக் கழற்றுங்கள். யார் போனை எடுக்கிறார்கள், எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறார்கள், சாவி கிடைக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளருக்குக் கடைசித் தவணையை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும்.


எளியவழி எழுதியது:

கம்ப்ரெசர் அண்ணே, மைனஸ் 127 விஷயத்தை இப்போதுதான் என் நிரலில் பார்த்தேன். கீழ் எல்லை எழுதவே இல்லை. சேர்த்துவிட்டேன். பி.டி.100-ஐப் படிக்கும் மேக்ஸ்31865 பலகை ஒன்றும் பி.டி.100 ஒன்றும் வாங்குகிறேன். இரண்டு கம்பி போதுமா, மூன்று கம்பியா?


பழைய கம்ப்ரெசர் எழுதியது:

மூன்று, முடிந்தால் நான்கு. இரண்டு கம்பியில் ஒயரின் மின்தடையும் கணக்கில் சேர்ந்துவிடும். 1 ஓம் கூடினாலே இரண்டரை டிகிரி தள்ளிக் காட்டும். அந்தப் பலகையில் கோளாறைச் சொல்லும் பிழை பிட் ஒன்று இருக்கிறது, வெப்பநிலையைப் படிக்கும் முன் ஒவ்வொரு முறையும் அதைப் படியுங்கள். எத்தனை கம்பி என்பதற்கேற்பப் பலகையில் ஜம்பரை (இணைப்புப் புள்ளியை) மாற்றிப் பற்றவைக்கவும் வேண்டும்.